முந்நூற்று நாற்பது கட்டும் பத்திரம்

வைக்கோல் எங்கேயும் ஓடிப்போகாது. இது மாட்டுக்குத் தெரியும், மாட்டுக்காரருக்குத் தெரியும், மாட்டு முதுகில் ஓசிச் சவாரி போகிற காக்கைக்கும் தெரியும். தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பெயர் வைக்கோல் கட்டு நடமாட்டக் கண்காணிப்பு இயக்ககம். மூன்று மாடி, நூற்றுப் பன்னிரண்டு நாற்காலி, மாடிக்கு நாலு ஏசி. பெயரை முழுசாகச் சொன்னால் மூச்சு வாங்கும் என்பதால் ஜனங்கள் 'கட்டாபீஸ்' என்று சுருக்கிக்கொண்டார்கள்.

கட்டாபீஸ் வருவதற்கு முன்னால் வைக்கோல் கட்டைக் காணோம் என்று ஒருத்தரும் புகார் கொடுத்ததில்லை. இயக்ககத்தின் முதல் அறிக்கை இதைத்தான் மிகுந்த கவலையோடு குறிப்பிட்டது: 'புகாரே கொடுக்கத் தெரியாத அளவுக்கு விவசாயிகளிடம் விழிப்புணர்வு குறைந்துள்ளது.' ஆகவே கட்டுக்கு ஒரு டேக் என்று முடிவாயிற்று. டேக் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை, உள்ளே கடுகளவு ஒரு சில்லு, அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு கம்பி. இயந்திரத்திலிருந்து கட்டு வெளியே வந்து விழுந்ததும் அதன் கயிற்றில் இதை மாட்டி, எந்த வயல், எத்தனை கிலோ, எவ்வளவு ஈரம் என்று வயர் எதுவும் இல்லாமலே அதற்குள் எழுதிவிடுவார்கள். பிறகு கட்டுகளை அடுக்கிய போரைச் சுற்றி நாலு மூலையிலும் நாலு கம்பம் நடுவார்கள். கம்பம் மணிக்கொரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடும். ஒவ்வொரு டேக்கும் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். சொல்லாத கட்டு காணாமல் போன கட்டு. டேக் இல்லாத வைக்கோல் யாருடைய வைக்கோலும் இல்லை, கண்ட இடத்தில் பறிமுதல். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை இதுதான்.

இந்தக் கதையில் மாட்டிக்கொண்டவர் சரியண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. யார் எதைச் சொன்னாலும் 'சரி' என்று சொல்லிச் சொல்லி இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'உனக்கு இந்தப் பெயர் வைக்கட்டுமா' என்று கேட்டபோதும் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஒன்பது மாடு, கொஞ்சம் நிலம், ஒரு தகரக் கொட்டகை. அண்ணி நேர் எதிர். அண்ணிக்கு வாய் நீளம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அண்ணனுக்குச் சேர வேண்டிய வாயையும் சேர்த்து அவரே பேச வேண்டியிருந்ததால் அப்படித் தெரிந்தது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்ததும் இரண்டு நாள் தூறல். வைக்கோல் வயலில் நனைந்து கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் கட்டாபீஸ் வேன் வந்து நின்றது. இறங்கியவர் டேக் மாட்டும் களப்பணியாளர். கையில் இருந்த கருவி ஓயாமல் பீப் பீப் என்று கத்தும் என்பதால் எல்லோருக்கும் அவர் பீப்காரர். நாற்பது வயசு இருக்கும், நல்ல மனுஷன். நல்ல மனுஷனாக இருப்பதற்கு ஆபீஸ் நேரத்தில் அவருக்கு அனுமதி இல்லை.

"அண்ணே, இன்னைக்கு உங்க முறை. கட்ட ஆரம்பிக்கலாம்."

"வைக்கோல் ஈரமா இருக்கே தம்பி. ரெண்டு நாள் வெயில் பட்டா காஞ்சிடும்."

"ரெண்டு நாள் கழிச்சு வேற ஊர் முறை. இன்னைக்கு விட்டா அடுத்த அறுப்புக்குத்தான் வருவோம். டேக் இல்லாம ஒரு துரும்பு வெச்சிருந்தாலும் எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"சரி" என்றார் சரியண்ணன்.

"என்னத்த சரி?" என்று அண்ணி வயலில் இறங்கி ஒரு பிடி வைக்கோலை அள்ளி முறுக்கினார். தண்ணீர் சொட்டவில்லை, ஆனால் கை நனைந்துவிட்டது. "இதை இறுக்கிக் கட்டினா உள்ளுக்குள்ள புழுங்காதா? உங்க மிஷின் வெச்சுத்தான் பாருங்களேன்."

பீப்காரர் ஈரமானியைக் குத்தினார். நூற்றுக்கு இருபத்தாறு காட்டியது. கருவியில் இருபத்தாறு என்று தட்டினார். கருவி சிவப்பாகிக் கத்தியது. மறுபடி தட்டினார், மறுபடி கத்தியது.

"பதினஞ்சுக்கு மேல எழுதினா படிவம் எடுத்துக்க மாட்டேங்குதுக்கா."

"அப்போ?"

"பன்னெண்டுன்னு போட்டுடறேன்."

"அது என்ன பன்னெண்டு?"

"எல்லாருக்கும் பன்னெண்டுதான் போடறோம். உங்களுக்கு மட்டும் மாத்திப் போட்டா பாரபட்சம்னு ஆயிடும்."

பாரபட்சம் இல்லாமல் முந்நூற்று நாற்பது கட்டு கட்டி, முந்நூற்று நாற்பது டேக் மாட்டி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்பக்கம் போராக அடுக்கி, நாலு கம்பமும் நட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த அறுப்பு வரை ஒன்பது வாய்க்கும் அதுதான் சாப்பாடு. வரப்பில் இருக்கிற பச்சைப் புல் இன்னும் ஒரு மாசம் தாங்கும். அதற்கு அப்புறம் வெயில் காலம் முழுக்க அந்தப் போரை நம்பித்தான் மாடு உயிரோடு இருக்க வேண்டும், மாட்டை நம்பி வீடு இருக்க வேண்டும்.

முதல் வாரமே கட்டாபீஸிலிருந்து அறிவிப்பு வந்தது. இருநூற்றுப் பதினோரு கட்டுகளைக் காணவில்லையாம். விஷயம் என்னவென்றால், ஈர வைக்கோல் கம்பத்தின் குரலை விழுங்கிவிடும். வெளிப்பக்கம் இருக்கிற டேக்குக்குத்தான் கேட்கும். நடுவில் இருக்கிறது செவிடாகிவிடும். சரியண்ணன் போரை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். "இதில் வெளியே இருப்பவைதானே தெரிகின்றன? உள்ளே இருப்பவை உள்ளேதான் இருக்கின்றன என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அதன் நடத்தையில் சமீபத்தில் மாற்றம் ஏதும் தெரிந்ததா, அதற்கு வெளியூரில் உறவினர் உண்டா என்று பதினெட்டுக் கேள்வி. உறவினர் கேள்வி ஆள் காணாமல் போனால் நிரப்புகிற படிவத்திலிருந்து தப்பித்து வந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. சரியண்ணன் மட்டும் யோசித்துப் பார்த்து 'இல்லை' என்று எழுதினார்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் பால் கறக்கப் போன அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார். ஒரு மாதிரி இனிப்பும் கருகலும் கலந்த வாசனை. ஒரு நீளக் கம்பியை எடுத்துப் போருக்குள் செருகி, நூறு எண்ணிவிட்டு உருவினார். கம்பியின் நுனியைத் தொட்டவர் "ஐயோ!" என்று கையை உதறினார்.

"இங்க வாங்க! தொட்டுப் பாருங்க!"

சரியண்ணன் தொட்டுப் பார்த்தார். அவருக்கும் சுட்டது. ஈரத்தோடு இறுக்கிக் கட்டின வைக்கோல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் சூடேறும். சூடு ஏறிக்கொண்டே போய் ஒரு நாள் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். இது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. போருக்கும் கொட்டகைக்கும் நடுவில் நாலு அடிதான் இடைவெளி. கொட்டகைக்குள் ஒன்பது மாடு கட்டிக் கிடக்கிறது.

"இப்பவே பிரிச்சுக் காயப் போடணும்" என்றார் அண்ணி.

"கம்பத்தைத் தாண்டிக் கட்டு போனா சங்கு ஊதுமாம். அப்புறம் எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். நான் போய் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"நீங்க அனுமதி வாங்கிட்டு வர்ற வரைக்கும் நெருப்பு காத்துக்கிட்டு இருக்குமா? அது என்ன நீங்களா?"

"சரி, சீக்கிரம் வந்துடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார் சரியண்ணன். மாடுகளை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

கட்டாபீஸின் கீழ்த்தளத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் கட்டு சுடுது?"

"எல்லாமேதாங்க."

"எல்லாம்னு ஒரு நம்பர் கிடையாதுங்க. கட்டுக்கு ஒரு விண்ணப்பம். டேக் நம்பரைப் பாத்து எழுதுங்க."

"நம்பர் வெளிய தெரியாதுங்களே. உங்க கருவியிலதான் தெரியும்."

"அப்ப கருவிக்கு ஒரு விண்ணப்பம் போடுங்க" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை அவர் குரலில். நல்லது சொல்கிற தொனி.

அங்கே இங்கே கெஞ்சி இரண்டாம் மாடியில் இருந்த சரிபார்ப்பு அலுவலர் முன்னால் போய் நின்றார் சரியண்ணன். அலுவலர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க. ஈரம் பன்னெண்டு. உங்க வைக்கோல் நல்லாக் காஞ்சிருக்கு. காஞ்ச வைக்கோல் சுடாது."

"ஐயா, நான் தொட்டுப் பாத்தேன் ஐயா. சுடுது."

"எதால தொட்டீங்க?"

"கையாலதாங்க."

"உங்க கைக்கு அளவுச் சான்று இருக்கா?"

சரியண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஐம்பது வருஷமாகக் கூடவே இருக்கிற கை. சான்று எதுவும் கேட்டதில்லை.

"எங்க டேக் பரிசோதனை பண்ணி, முத்திரை குத்தி வந்தது. உங்க கை அப்படியா வந்துச்சு? எதை நம்பறது நான்? மூணாம் மாடிக்குப் போய்க் கைக்குச் சான்று வாங்கிட்டு வாங்க, பேசலாம்."

"சரிங்க."

மூன்றாம் மாடியில் நிஜமாகவே அப்படி ஒரு பிரிவு இருந்தது. மூன்று வாளி தண்ணீர், ஒரு வெப்பமானி, ஒரு நிபுணர். இதற்கு முன் அங்கே யாரும் வந்ததில்லை போலிருக்கிறது. நிபுணர் எழுந்து நின்று வரவேற்றார். வலது கையை முதல் வாளியில் விடச் சொல்லி எத்தனை டிகிரி என்று கேட்டார். "வெதுவெதுன்னு இருக்குங்க" என்றார் சரியண்ணன். வெதுவெது என்பது அலகு இல்லை என்று நிபுணர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். மூன்று வாளியும் இரண்டு கையும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வலது கையில் காய்ப்பு அதிகம் இருப்பதால் நம்பகத்தன்மை குறைவு, இடது கைக்கு மட்டும் ஆறு மாதத்துக்குச் சான்று என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

சான்றோடு கீழே ஓடினார். அலுவலர் படித்துப் பார்த்தார்.

"நல்லது. காலையில எந்தக் கையால தொட்டீங்க?"

சரியண்ணனுக்குப் பொய் வராது. "வலது கையாலதாங்க" என்றார்.

"அப்ப வீட்டுக்குப் போய் இடது கையால தொட்டுட்டு வாங்க."

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கட்டு விழிப்புணர்வு வாரமாம், இயக்குநர் பேசுகிறாராம், கட்டடத்துக்குள் இருக்கிற எல்லோரும் அரங்கத்துக்கு வந்தாக வேண்டுமாம். அலுவலர் சரியண்ணனையும் தள்ளிக்கொண்டு போனார். இயக்குநர் மேடையேறி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே, முன்பெல்லாம் ஒரு விவசாயி தன் வைக்கோலைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், எழுந்து வெளியே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு பின்தங்கிய நிலை! இன்று அந்தத் தேவையே இல்லை. நான் இந்தப் பொறுப்புக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை ஒரு வைக்கோல் கட்டைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படாததுதான் நம் முறையின் வெற்றி!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சரியண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அண்ணி.

"எங்க இருக்கீங்க? போர் உச்சியில புகை மாதிரி வருது. மாடெல்லாம் கத்துது. நான் அவுத்து ரோட்டோரம் கட்டிட்டேன். அனுமதி என்னாச்சு?"

சரியண்ணன் பக்கத்தில் இருந்த அலுவலரைத் தொட்டார். "ஐயா, புகை வருதாம்!"

அலுவலர் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "புகை நம்ம துறை இல்லைங்க. தீப்பிடிச்சா தீயணைப்பு பாத்துக்கும். தீயும் பிடிக்காம சும்மாவும் இருக்காம புகைஞ்சா யார் பாக்கறதுன்னு ரெண்டு வருஷமா கடிதம் போயிட்டிருக்கு. பதில் வந்ததும் சொல்றேன்."

"கேட்டுச்சு" என்றார் அண்ணி போனில். "இந்தாங்க, நான் ஒண்ணு கேக்கறேன். அந்தக் கம்பம் கூப்பிடறது டேக்கைத்தானே? வைக்கோலையா கூப்பிடுது?"

"டேக்கைத்தான்."

"அப்ப டேக்கை மட்டும் கத்தரிச்சு அங்கயே விட்டுட்டு வைக்கோலைப் பிரிச்சுடறேன். ஊருக்கெல்லாம் சரி சொல்றீங்களே, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க."

மேடையில் இயக்குநர் ஏதோ சொல்ல, மறுபடியும் கைதட்டல். கட்டினவளிடம் இந்த வார்த்தையைச் சொல்ல ஒருத்தர் இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறதே என்று சரியண்ணனுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

"சரி. செய்யி" என்றார்.

அவர் வீடு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. போர் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. நாலு கம்பத்துக்கும் துணி காயப்போடுகிற நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முந்நூற்று நாற்பது டேக்கையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார் அண்ணி. கிளிப் போதாமல் பாதி டேக்கைப் பக்கத்து வீட்டுக் கிளிப்பில் மாட்டியிருந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்ந்து எல்லாக் கட்டையும் கயிறு அறுத்து உதறி வயலில் பரப்பியிருந்தார்கள். நடுப்போரில் இருந்த நாற்பது ஐம்பது கட்டு உள்ளே கரியாகவே போயிருந்தது. பிரித்தபோது குப்பென்று புகைந்ததாம். தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் போரும் இல்லை, கொட்டகையும் இல்லை.

"மிச்சம் பொழைச்சிடும்" என்றார் அண்ணி, முகமெல்லாம் தூசியோடு. "கை இறுக்கமாப் போட்டா அடுத்த அறுப்பு வரைக்கும் தள்ளிடலாம்."

சரியண்ணன் வரப்பில் உட்கார்ந்து அழுதார்.

கட்டாபீஸிலிருந்து பறிமுதல் வண்டி வரும் என்று மூன்று நாள் பயந்தபடி இருந்தார்கள். அதற்குள் வைக்கோல் காய்ந்து, அள்ளிக் கொட்டகை ஓரமாகக் குவித்தாயிற்று. நாலாம் நாள் வந்தது பாராட்டுக் கடிதம். நடந்தது இதுதான்: டேக்குகளை மறைக்க வைக்கோலே இல்லாததால் கம்பம் கூப்பிட்டதும் முந்நூற்று நாற்பதும் ஒரே குரலில் 'உள்ளேன் ஐயா' என்றிருக்கின்றன. இயக்ககத்தின் சரித்திரத்திலேயே திரையில் முழுப் பச்சை தெரிந்தது அதுதான் முதல் தடவை. இரண்டாம் மாடியில் இனிப்பு வழங்கினார்களாம். 'காணாமல் போன இருநூற்றுப் பதினோரு கட்டுகளையும் மீட்ட முன்மாதிரிப் பண்ணையை இயக்குநர் அவர்கள் நேரில் பார்வையிடுவார்' என்றது கடிதம்.

"நேர்ல வர்றாராமே!" என்று சரியண்ணன் ஆடிப்போனார். கொட்டகை ஓரத்துக் குவியலை எங்கே மறைப்பது? கயிறு அறுத்த வைக்கோலுக்கு டேக் மாட்ட முடியாது. டேக் இல்லாத வைக்கோல் என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்தால் போதும், மொத்தமும் போய்விடும். பச்சைப் புல்லும் தீர்ந்துபோன நேரம். சோற்றுப் பானையை நடுவீதியில் வைத்துக்கொண்டு திருடனுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது அவருக்கு.

"வரட்டும்" என்றார் அண்ணி. "வைக்கோலைத் தெரிஞ்சவங்க வந்தாத்தானே பயப்படணும்?"

மூன்று காரும் ஒரு வேனும் வந்தன. இயக்குநர் இறங்கினார், ஒருத்தர் குடை பிடித்தார், சரிபார்ப்பு அலுவலர் வழி காட்டினார், கடைசியில் கருவியோடு பீப்காரர். நேரே துணிக்கயிற்றின் முன்னால் போய் நின்றார்கள். காற்றில் முந்நூற்று நாற்பது வெள்ளைப் பட்டைகளும் அழகாக ஆடின.

"இவைதான் கட்டுகளா?" என்றார் இயக்குநர்.

அலுவலர் கயிற்றைப் பார்த்தார். கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். திரும்பக் கயிற்றைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. பிறகு கையிலிருந்த திரையைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது. "ஆமாம் ஐயா. முந்நூற்று நாற்பது."

"ரொம்பச் சுத்தமா இருக்கே! நான் இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கும்னு நினைச்சிருந்தேன்." ஒரு டேக்கை இரண்டு விரலால் பிடித்துத் தடவிப் பார்த்தார். "ஈரம் பன்னெண்டுன்னு போட்டிருந்தாங்க. எனக்கென்னமோ அதைவிடவும் காஞ்ச மாதிரிதான் தெரியுது."

"ஐயா சொன்னா சரிதான்" என்றார் அலுவலர்.

இயக்குநர் அங்கேயே பேசத் தொடங்கிவிட்டார். "நண்பர்களே, ஏழு ஆண்டுகளாக நமக்கும் டேக்குகளுக்கும் நடுவே ஏதோ ஒன்று இடையூறாகவே இருந்து வந்தது. அது என்னவென்று நம் நிபுணர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த எளிய விவசாயி அந்த இடையூறு என்னவென்று கண்டுபிடித்து, அதை அடியோடு அகற்றிவிட்டார். இனி எல்லாப் பண்ணைகளும் இவர் வழியைப் பின்பற்ற வேண்டும்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பீப்காரர் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கொட்டகையில் கட்டியிருந்த ஒரு செவலைப் பசு, குவியலிலிருந்து ஒரு வாய் வைக்கோலை இழுத்து, மொறுமொறுவென்று மென்றது. இயக்குநர் திரும்பினார்.

"அது என்ன?"

அலுவலர் வானத்தைப் பார்த்தார். பீப்காரர் சரியண்ணனைப் பார்த்தார். சரியண்ணன் குவியலைப் பார்த்தார். மண்ணிலிருந்து எடுத்து, மழையில் நனைந்து, தீயிலிருந்து பிடுங்கிக் காப்பாற்றின சாப்பாடு. தெரியாமல் மிதித்தால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷன் அவர்.

"குப்பைங்க" என்றார்.

சொன்ன வாய் கசந்தது அவருக்கு.

"குப்பையா? மாடு திங்குதே?"

"அதுக்கு என்ன தெரியும்ங்க, மாடுதானே. குடுத்ததைத் திங்கும்."

"குப்பை நம்ம துறையில வராது" என்று இயக்குநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆனாலும் முன்மாதிரிப் பண்ணையில இப்படிக் குவிச்சு வைக்கிறது நல்லா இல்லை. சீக்கிரம் அப்புறப்படுத்துங்க."

"அதைத்தான் மாட்டை வெச்சு அப்புறப்படுத்திட்டு இருக்கோம்ங்க" என்றார் அண்ணி பணிவாக. "அடுத்த அறுப்புக்குள்ள முடிஞ்சிடும்."

இயக்குநர் மகிழ்ந்துபோனார். போவதற்கு முன்னால் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தை நீட்டினார்கள். 'கயிற்றில் உள்ள முந்நூற்று நாற்பது கட்டுகளையும் முன்மாதிரியாகப் பாதுகாப்பேன். எக்காரணம் கொண்டும் அவற்றை மாடுகளுக்குப் போட மாட்டேன்' என்று அதில் இருந்தது. வாழ்க்கையில் எத்தனையோ படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் சரியண்ணன். முழு மனசோடு போட்டது இந்த ஒன்றில்தான்.

கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. வேன் மட்டும் நின்றது. இயக்குநருக்காக வாசலில் கட்டியிருந்த வரவேற்புத் துணியை அவிழ்த்துச் சுருட்டுகிற சாக்கில் பீப்காரர் தங்கிவிட்டார். சுருட்டி முடித்தும் போகவில்லை. குவியல் ஓரம் போய் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

"என்ன தம்பி, பறிமுதல் பண்ணப் போறீங்களா?" என்றார் அண்ணி. கேட்ட குரலில் கத்தி இருந்தது.

"இல்லக்கா." அவர் கையில் இருந்ததைக் கீழே போடவில்லை. "எங்க வீட்டுலயும் ரெண்டு மாடு இருக்கு. நூத்தி இருபது கட்டு வெச்சிருந்தேன். நானே கட்டி, நானே டேக் மாட்டினது. போன வாரம் பத்திக்கிச்சு."

சரியண்ணன் பதறிப்போனார். "அடப்பாவமே! மாடு?"

"மாடு தப்பிச்சிடுச்சுண்ணே. வைக்கோல் ஒரு துரும்பு மிச்சமில்லை."

"ஆபீஸ்ல சொன்னீங்களா?"

"நான் சொல்றதுக்கு முன்னாடியே திரையில வந்துடுச்சு, நூத்தி இருபது கட்டைக் காணவில்லைன்னு. தேடிக் கண்டுபிடிக்க ஆள் போட்டிருக்காங்க."

"யாரை?"

"என்னைத்தான்" என்றார் பீப்காரர். "இந்தப் பகுதிக்கு நான்தானே. தினம் காலையில போய்த் தேடிட்டு அறிக்கை அனுப்பறேன்."

"எங்க தேடறீங்க?"

"சாம்பல்லதான்."

அண்ணிக்கு அவரிடம் கேட்க எத்தனையோ இருந்தது. மூன்று வாரமாக நாக்கு நுனியில் வைத்திருந்த பாட்டு எல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

"உங்களுக்கே இது பத்தாது, எனக்குத் தெரியும்" என்றார் பீப்காரர், தரையைப் பார்த்தபடி. "ரெண்டு நாளா இலைதழையைப் போட்டுச் சமாளிக்கறேன். கொஞ்சம்... கொஞ்சம் குப்பை கிடைக்குமாக்கா?"

சரியண்ணன் அண்ணியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. யாரையும் கேட்காமல் குவியலில் இறங்கி இரண்டு கையாலும் அள்ள ஆரம்பித்தார். கட்டாபீஸ் வேனின் பின்கதவைத் திறந்து, கருவிப் பெட்டிகளை ஓரமாக ஒதுக்கி, தோளைக் கொடுத்து அழுத்தி அழுத்தி அடைத்தார். போதும் போதும் என்று பீப்காரர் தடுத்தும் கேட்கவில்லை. கதவு மூடவில்லை, வரவேற்புத் துணியைக் குறுக்கே போட்டுக் கட்டினார்கள். உள்ளே இருந்த கருவி ஒரு தரம்கூடக் கத்தவில்லை.

பீப்காரர் வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி ஜன்னலோரம் போய் நின்றார்.

"இது எத்தனை நாளைக்குக் காணும்?"

"நாலு நாளைக்கு வரும்க்கா."

"தீந்ததும் வாங்க" என்றார் அண்ணி. "தேடி முடிக்கிற வரைக்கும் வந்து எடுத்துட்டுப் போங்க."